வீட்டு வேலுக்கு எந்த முறையில் பூசை? கதிர்காமமா, நல்லூரா, சண்முகரா?

வெள்ளவத்தை வாசகி:
கந்தசட்டி நெருங்குகிறது. வீட்டில் 8 அங்குல உயரப் பித்தளை வேல் ஒன்று தாங்கியோடு இருக்கிறது. பக்கத்தில் சண்முகர் படமும் பழனியாண்டவர் படமும். மாடிக் குடியிருப்பு என்பதால் தனிச் சாமியறை இல்லை, சுவரில் அடித்த ஒரு தட்டுத்தான். ஆறு நாளும் பூசை செய்ய விருப்பம். ஆனால் ஒருவர், “கந்தனுக்கு உருவமே இல்லை, கதிர்காமத்தைப் போல வாய்கட்டித்தான் செய்யவேண்டும்” என்கிறார். இன்னொருவர், “சண்முகர் இருந்தால் சண்முகார்ச்சனைதான்” என்கிறார். மூன்றாமவரோ வேல் வைத்தால் உக்கிரம், ஆண்டிக்கோலம் வைத்தால் வறுமை என்று பயமுறுத்துகிறார். எதைக் கேட்பது? வேலுக்கு அபிஷேகம் செய்யலாமா? செய்தால் எதெது, எவ்வளவு?

சேவற்கொடி:
மூன்று பேரும் மூன்று கோவில் வழக்கத்தை உங்கள் ஒரே தட்டில் ஏற்றப் பார்க்கிறார்கள், தங்கச்சி. எது எவருக்குரியது என்று பிரித்துப் பாருங்கோ, குழப்பம் பாதி தீரும்.

கதிர்காமத்தில் மூலத்தானம் திரைக்குப் பின்னால். வள்ளி தெய்வானையோடு மயில்மேல் இருக்கும் முருகனைத் திரை ஓவியத்தில்தான் அடியார் காண்பார்கள். பெரஹரா ஊர்வலத்தில் யானைமேல் எழுந்தருள்வதும் யந்திரப் பேழைதான். அங்கத்தைப் பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் பூசகர் வாய்கட்டித்தான் செய்வார். அங்கே அமுது படைப்பது ஆலிலையில். இதெல்லாம் அந்தந்தத் தலத்துப் பூசகருக்கு வழிவழியாக வந்த நெறி. வீட்டில் கும்பிடுகிறவருக்கு விதித்ததல்ல. திருப்புகழும் கந்தரனுபூதியும் வாய்விட்டுப் பாடாமல் வீட்டில் என்ன சட்டி பூசை?

நல்லூரில் மூலத்தானத்தில் இருப்பது வேல். ஆனால் 25 நாள் மகோற்சவத்தில் 24ஆம் நாள் தேரேறி வருகிறவர் ஆறுமுகசுவாமி. ஒரே கோவிலில் இரண்டும் முட்டாமல்தான் இருக்கின்றன. கொழும்பில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும் ஆடிவேல் விழாவுக்குப் பேரே வேல்தான். வேல் உக்கிரம் என்கிறவர் இதற்கு என்ன சொல்லப்போகிறார்?

பழனி விசயமும் அப்படித்தான். காலையில் ஆண்டிக்கோலத்தில் நிற்கும் அதே மூர்த்திக்குத்தான் மாலை சாயரட்சையில் இராச அலங்காரம். வறுமைக் கதையை விட்டுத்தள்ளுங்கோ.

சண்முகார்ச்சனை என்பது ஆறு முகத்துக்கும் ஆறு சிவாச்சாரியார்கள் ஒரே நேரத்தில் அர்ச்சிப்பது. பூ, நிவேதனம், தீபம் எல்லாம் ஆறாறு வகை. தனி ஒருவர் அதை வீட்டில் நடிக்கத் தேவையில்லை. ‘சரவணபவ’ என்ற ஆறெழுத்துக்கும் எழுத்துக்கு ஒரு பூவாகச் சாத்தினால் போதும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, எது கிடைத்தாலும் சரி.

அபிஷேகம் தாராளமாகச் செய்யலாம். திருப்பரங்குன்றத்தில் மூலவர் மலையைக் குடைந்து செதுக்கிய திருமேனி. அதனால் அங்கே அபிஷேகம் வேலுக்குத்தான். எந்த வடிவம் எதைத் தாங்குமோ அதற்குத்தான் அந்த உபசாரம். வீட்டிலும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கோ.

8 அங்குல வேலுக்கு இவ்வளவு காணும்: தண்ணீர் 2 லீற்றர், காய்ச்சாத பால் 200 மில்லிலீற்றர், தயிர் 3 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி, செவ்விளநீர் 1, குழைத்த சந்தனம் 1 தேக்கரண்டி, திருநீறு, கொஞ்சம் பன்னீர். பஞ்சாமிர்தத்துக்கு நன்றாகப் பழுத்த கதலி 3, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 3, தேன் 1 மேசைக்கரண்டி, நெய் 1 தேக்கரண்டி, கற்கண்டு, ஏலக்காய் 1. கையால் பிசையுங்கோ. மிக்சியில் அடித்தால் நீர்விட்டு, பின்னேரத்துக்குள் புளித்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக்கூடாது. பால், தயிர், நெய், தேன், சர்க்கரை கலந்தது இரச பஞ்சாமிர்தம், அது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் திரிந்துபோகும்.

வரிசை: தண்ணீர், பஞ்சாமிர்தம், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், பன்னீர். ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். தயிரும் பாலும் கழுவாமல் சேர்ந்தால் வேலின் வரிகளில் திரள் திரளாக ஒட்டும். கடைசியில் திருநீறு மூன்று கீற்று, நடுவில் சந்தனப் பொட்டு.

வார்ப்புப்பட்டறை:
சேவற்கொடி அண்ணை சொன்ன வரிசை சரி. உலோகப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

பித்தளையைக் கெடுப்பது அபிஷேகமல்ல, அதற்குப் பிறகு விடும் நேரம். தயிர், தேன், தேசிக்காய்ச் சாறு மூன்றிலும் அமிலம் இருக்கிறது. வேல் நுனியில் தேசிக்காய் குத்தி அடுத்த வெள்ளிவரை விட்டால், சாறு இறங்கின இடத்தில் துத்தநாகம் கரைந்து செம்பு நிறத்தில் திட்டு விழும். எந்தத் தூள் போட்டாலும் அது திரும்பாது. காலையில் குத்தினால் இரவே கழற்றி, ஈரத்துணியால் ஒருதரம், காய்ந்த துணியால் ஒருதரம் துடையுங்கள்.

இலையும் தண்டும் சேருமிடத்தைப் பாருங்கள். கடையில் விற்கும் வேல்கள் பலவற்றில் தண்டு உள்ளே குழல். பற்றவைத்த இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பால் உள்ளே போய் மூன்றாம் நாள் மணக்கும், ஓரத்தில் பச்சைக் களிம்பு கட்டும். தேன்மெழுகை உருக்கி அந்த வெடிப்பையும் அடிப்பக்க ஓட்டையையும் முதலே அடைத்துவிடுங்கள். தாங்கி மரமென்றால் அபிஷேகத்துக்குமுன் கழற்றி வைக்கவேண்டும். ஈரம் ஏறினால் வெடிக்கும்.

மினுக்கப் பழப்புளி தேய்ப்பதை வருடத்துக்கு ஒன்றிரண்டு தரத்தோடு நிறுத்துங்கள். முகம் உள்ள ஐம்பொன் விக்கிரகத்துக்கு அதுவும் வேண்டாம், தேயத் தேய மூக்கும் கண்ணும் மழுங்கும். அரிசிமாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் அன்றாட எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும். எல்லாம் முடிந்து முழுதாகக் காய்ந்தபின் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கொழும்புக் கடற்காற்றுக்கு அது அவசியம். காலி வீதிக்குக் கடல்பக்கம் உள்ள வீடுகளில் பித்தளை கறுப்பது எவ்வளவு கெதி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சண்முகர் படத்துக்கு ஒன்றும் செய்யாமல் விடுவது மனசுக்கு ஒருமாதிரி இருக்கிறது. மற்றது, வேலுக்கு இரண்டு பக்கமும் சின்ன வள்ளி, தெய்வானை வைக்க யோசிக்கிறேன். எவர் எந்தப் பக்கம்?

ஆறுபடை:
படத்துக்குக் கண்ணாடி அபிஷேகம் இருக்கிறதே. திருச்செந்தூரில் சூரசங்காரம் முடிந்ததும் சுவாமியின் உருவம் தெரியும் கண்ணாடிக்குச் சாயாபிஷேகம் செய்வார்கள். அதே முறைதான். படம் முழுதாகத் தெரியும்படி உள்ளங்கையளவு கண்ணாடியைத் தட்டத்தில் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் பாலும் தண்ணீரும் விடுங்கள். பஞ்சாமிர்தம் விட்டால் பிம்பம் மறையும், வேண்டாம். பின்பக்க இரசப்பூச்சில் ஈரம் இறங்காமல் ஓரத்துக்கு மெழுகு பூசிவிடுங்கள்.

வள்ளி முருகனுக்கு வலப்பக்கம், தெய்வானை இடப்பக்கம். முருகனுடைய வலம், நம்முடையதல்ல. எதிரே நிற்கும் நமக்கு வள்ளி இடக்கைப் பக்கம் வரவேண்டும். மாறிப்போவது இங்கேதான். இரண்டும் ஒரே அச்சுப்போல இருந்தால் கைப்பூவைப் பாருங்கள்: தாமரை வள்ளிக்கு, நீலோற்பலம் (நீலக் குவளை) தெய்வானைக்கு. வேலைவிட உயரமாக வாங்காதீர்கள். வீட்டு மூர்த்தம் ஒரு சாணுக்குள் இருப்பதே வழக்கம், உங்கள் வேல் அந்தளவுக்குள்தான்.

ஆறு நாளும் முழு அபிஷேகம் தேவையில்லை. முதல் நாளும் சட்டியன்றும் முழுதாகச் செய்யுங்கள், இடைநாளில் தண்ணீரும் பாலும் போதும். சட்டியன்று சூரசங்காரம் பார்த்து வந்த பிறகு, மாலையில் செய்யலாம். வேல் போர்முடித்து வந்ததென்று அப்போது சந்தனமும் இளநீரும் கூடுதலாக விடுவது நல்லது. ஏழாம் நாள் திருக்கல்யாணம். வள்ளி தெய்வானையை அன்றுதான் தட்டில் ஏற்றலாம் என்பது என் அபிப்பிராயம்.

அபிஷேகத் தீர்த்தத்தை எவர்சில்வர் தட்டத்தில் ஏந்துங்கள். தயிர் கலந்தது பித்தளைத் தட்டத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் களிம்பு இறங்கி வயிற்றைப் பிரட்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மிச்சத்தைக் குசினித் தொட்டியில் ஊற்றவேண்டாம். பூச்சட்டிக்கு விடுவதென்றால் நாலு மடங்கு தண்ணீர் கலந்து விடுங்கள், இல்லாவிட்டால் மாடி முழுக்க எறும்புதான்.