பாடியவர் பெயர் இருக்கிறது, வாசித்தவர் பெயர் எங்கே?

இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை என்றாலே எல்லோரும் ‘சின்ன மாமியே’, ‘சுராங்கனி’ என்றுதான் தொடங்குவோம். நித்தி கனகரத்தினத்துக்கும் ஏ. ஈ. மனோகரனுக்கும் அந்த மரியாதை தகும். நான் சொல்ல வந்தது அவர்களைப் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டுக் காணாமற்போன குழுக்களைப் பற்றி.

கொழும்பு மருதானையில் பழைய சாமான் விற்கும் நானா ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். தெஹிவளையில் ஒரு சிங்கள வீட்டைக் காலி செய்தபோது வந்த பெட்டி என்று ஒன்றைக் காட்டினார். மேலே முழுக்கச் சிங்களப் பொப்பிசைத் தட்டுகள்: மூன்ஸ்டோன்ஸ் குழு, கிளாரன்ஸ் விஜேவர்தன. அடியில், உறை இல்லாமல், ஒரு தமிழ்ப் பொப்பிசைத் தட்டு. ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. “உங்கட ஆக்கள்ட பாட்டு போல கிடக்கு, எடுங்கோ” என்று சும்மாவே தந்துவிட்டார்.

சிங்கள வீட்டில் தமிழ்த் தட்டு இருந்தது எனக்கு வியப்பாக இல்லை. அந்தக் காலத்தில் பைலா என்ற துள்ளல் ஆட்டப் பாட்டுக்கு ஆடிய கால்கள்தான் இதற்கும் ஆடின. ‘சுராங்கனி’யே இரண்டு மொழியும் கலந்த பாட்டுத்தானே.

தட்டு முழுக்கப் பூஞ்சணம். கடற்காற்று அடிக்கும் ஊரில் வேறெப்படி இருக்கும்? காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நடுவில் உள்ள லேபல் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய துணியால் துடைத்தேன். குறுக்கே மட்டும் தேய்க்காதீர்கள், கீறிவிடும்.

அப்புறம் ஊசியை வைத்தால், என்ன ஒரு வாசிப்பு! பொங்கோஸ் என்ற சின்ன இரட்டை மேளம் பைலா நடையில் துள்ளிக்கொண்டு போகிறது. பாட்டு நடுவில் கிட்டார்காரர் ஒரு சுரத்தில் நின்று, அதை இழுத்து அசைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தாளத்துக்குள் வந்து விழுகிறார். கமகம் தெரிந்த விரல். அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பிப் போட்டிருப்பேனோ தெரியாது. லேபலில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் குழுவின் பெயர். கிட்டார் யார், பொங்கோஸ் யார், ஒன்றுமே இல்லை.

வெள்ளவத்தையில் கலியாண வீடுகளுக்கு முன்பு பொங்கோஸ் வாசித்த ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டவர், கிட்டார் இழுப்பு வந்ததும் கையை உயர்த்தினார். “இவன் கொட்டாஞ்சேனைப் பொடியன். பகலில துறைமுகத்தில வேலை, பின்னேரம் பாட்டு. நாங்கள் எல்லாரும் ஒரு மைக்கைச் சுத்தி நிண்டுதான் வாசிப்பம். ஒருத்தன் பிழைவிட்டா எல்லாரும் முதலில இருந்து.” ஆளுக்குக் கூப்பிடும் பெயர் ஒன்றுதான் அவருக்கு நினைவில் இருந்தது. அவரிடம் இருந்த தட்டுகள் 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வீட்டோடு எரிந்துவிட்டன. தான் வாசித்த எதையும் அதற்குப் பிறகு தட்டில் கேட்டதே இல்லை என்றார்.

கொழும்புத் தமிழ் வீடுகளில் இருந்தவை எத்தனையோ அப்படிப் போயின. அதற்கு முன்பே, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து கசெற் ரேடியோக்கள் வந்து குவிந்தபோது, தட்டுகள் பரணுக்கு ஏறத் தொடங்கியிருந்தன. ஆகவே தமிழ் வீட்டில் மட்டும் தேடாதீர்கள். சிங்கள, பறங்கிய, முஸ்லிம் வீட்டுப் பெட்டிகளையும் அடிவரை பாருங்கள்.

கிடைத்தால் லேபலின் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். பாட்டு முடிந்த பிறகு ஊசி சும்மா சுற்றும் வளையத்தில் சிறிய எண் ஒன்று கீறியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். லேபல் அழிந்தாலும் தட்டை அடையாளம் காண அது உதவும். எல்லாவற்றுக்கும் முதல், வீட்டிலுள்ள வயதானவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் அந்தக் காலத்துக் குழுக்களில் வாசித்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தட்டையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.