எட்டு வீட்டு பிளான், 36,000 ரூபாய்

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 65,000. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு வீட்டு பிளான் வரைந்து கொடுப்பேன். ராஜாக்கமங்கலம், சுங்கான்கடை பக்கம், எல்லாம் தெரிந்த ஆட்கள். 2023-24இல் எட்டு பிளான், மொத்தம் 84,000. அதில் 45,000 நெய்யாற்றின்கரை பில்டர் ஒருவர் கொடுத்தது. அவர் 10 சதவீதம், 4,500 ரூபாய் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடித்துவிட்டு மீதியைத்தான் அனுப்பினார்.

ஜூலையில் வழக்கம்போல ஆபீசில் கொடுத்த பாரம் 16ஐ வைத்து, சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 ரிட்டர்ன் போட்டேன், பழைய வரிமுறையில். 80சி சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் கழித்தால் வரியே கிடையாது. அந்த 4,500 பிடித்தம் தானாகவே படிவத்தில் வந்து நின்றது. ரீஃபண்டும் வந்துவிட்டது. வருமானத்தைக் காட்டாமல் அதற்குப் பிடித்த வரியை மட்டும் திரும்ப வாங்கியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

டிசம்பரில் எஸ்எம்எஸ். ஏஐஎஸ்சில் (வரித்துறை கையில் இருக்கும் நம் வருமான விவரப் பட்டியல்) உள்ள தொகையும் ரிட்டர்னும் பொருந்தவில்லை, திருத்திக்கொள்ளுங்கள் என்று. வெப்ராளத்தில் அன்றைக்கே வடசேரியில் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

“இதர வருமானம்னு போட்டு ஐடிஆர்-1லயே முடிச்சிரலாமா சார்?”

“எட்டு பிளான் வரைஞ்சிருக்க மக்கா. இது தொழில், கேட்டியா. தொழில் வருமானத்துக்குள்ள ஐடிஆர்-4தான்.”

44ஏடிஏ பிரிவில் வந்ததில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்றார். 84,000க்கு 42,000. ரொக்கமாகவும் ஜிபேயிலும் வந்த 39,000ஐ விட்டுவிடலாமா என்று மனசு கொஞ்சம் சஞ்சலப்பட்டது. அதில் பாதி 19,500தானே, காட்டிவிட்டேன். அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரிமுறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ படிவத்தைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். அந்த வருடம் ஜூலை 31. நான் போய் நின்றது டிசம்பர் கடைசி வாரம். சம்பளக்காரராக மட்டும் இருந்தால் ரிட்டர்னிலேயே ஒரு டிக் போட்டு வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். எட்டு பிளான் வரைந்ததில் அந்தச் சலுகை போயிற்று. முழுச் சம்பளத்துக்கும், 80சி, வீட்டுக்கடன் வட்டி கழிக்க முடியாத புதிய முறையில் கணக்குப் போட்டால் வரி 33,488. வாங்கின ரீஃபண்டைத் திருப்பி, வட்டியும் சேர்த்து 36,000க்கு மேல் கட்டினேன். பழைய முறை கிடைத்திருந்தால் அந்த 42,000ஐச் சேர்த்த பிறகும் வரி வந்திருக்காது. வீட்டில் சொன்னபோது, “இதுக்கா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தீங்க?” என்றாள்.

குழித்துறையிலிருந்து ஒருவர்:

அண்ணா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. தினமும் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போய் வருகிறேன். வெளிநாட்டு ஆளுக்கு வெப்சைட் வேலை செய்து கொடுத்ததில் டிடிஎஸ் எதுவும் பிடிக்கவில்லை, அதனால் ஜூலையில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிடித்தம் போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி நின்றால், வருடம் முடிவதற்குள்ளேயே முன்வரி கட்ட வேண்டுமாம். 44ஏடிஏக்காரர்களுக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி விழுந்தது. ஆபீசில் சொன்னால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஆனால் வேலையில் சேரும்போது வெளிவேலை கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! இப்போது நானே போர்ட்டலில் கட்டுகிறேன். செலானில் முன்வரிக்கு மைனர் ஹெட் 100 என்று பார்த்துப் போடுங்கள், 300 என்பது ரிட்டர்ன் நேரத்தில் கட்டுவது.

தக்கலையிலிருந்து இன்னொருவர்:

அரசு வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். என் மச்சினன் அரசுப் பள்ளி ஆசிரியர், டியூஷன் பணத்தை ரிட்டர்னில் காட்டினால் சரியாகிவிடும் என்று இருந்தான். வரி கட்டிவிட்டால் அரசு ஊழியர்களுக்கான 1973 நடத்தை விதி விட்டுவிடுமா? டியூஷனையே நிறுத்தச் சொன்னேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் எழுதியவர்:

அடுத்த வருடம் 10-ஐஇஏவை முதல் வேலையாகப் போட்டுவிட்டேன், வரி வரவில்லை. 2025-26க்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அதற்கே திரும்புகிறேன். தொழில் வருமானம் இருக்கிற வரை மறுபடி பழையதுக்கு வர முடியாது என்று ஆடிட்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நெய்யாற்றின்கரைக்காரர் இன்னும் இரண்டு பிளான் கேட்டிருக்கிறார்.