நாக்கை நீட்டியபோது மேலேறிய கட்டி

உடற்கூறியல் பயிற்றுநராக இருந்த காலத்தில், தைராய்டு சுரப்பியின் இரு மடல்களையும், மூச்சுக்குழலின் 2 முதல் 4 வரையிலான வளையங்களுக்கு முன்னால் அவற்றை இணைக்கும் இஸ்துமஸையும் மாணவர்கள் எளிதில் அடையாளம் கண்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் உடலில், இஸ்துமஸின் மேல்விளிம்பிலிருந்து நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாகக் கிளம்பிய ஒடுங்கிய திசுவொன்று, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் படிந்து, நுனியில் நாராக மெலிந்து, நாக்கின் அடிப்பக்கத்தில் குரல்வளைக்கு மேலேயுள்ள ஹையாய்டு எலும்பு வரை சென்றிருந்தது. "சார், இது நோயா?" என்று ஒரு மாணவி கேட்டார். நோயன்று, அது பிரமிடு மடல் என்றும், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் காணப்படுவது என்றும் சொன்னேன்.

அந்த மடல், சுரப்பி இறங்கி வந்த வழியின் எச்சம். கருவின் நான்காம் வாரத்தில், தொண்டைத் தரையின் அகப்படலம் நாக்கு உருவாகும் இடத்தில் தடித்துக் கீழ்நோக்கி வளரத் தொடங்குகிறது. தைரோகுளோசல் நாளம் என்ற மெல்லிய குழாயால் நாக்கோடு பிணைந்தபடியே கழுத்தின் முன்புறமாக இறங்கி, ஏழாம் வாரவாக்கில் தன் இடத்தை அடைகிறது. நாளம் பின்னர் மறைந்துவிடுவதே வழக்கம். புறப்பட்ட இடம் மட்டும் நாக்கின் பின்பகுதியில் சிறு குழியாக நிலைக்கிறது. தைராய்டிலுள்ள, கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்கள் மட்டும் இவ்வழியே வருவதில்லை, அவை பக்கவாட்டிலிருந்து வந்து சேர்பவை.

நாளம் மறையாமல் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பின்னாளில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு சிறுவனிடம் கண்டேன். கழுத்தின் நடுவில், ஹையாய்டுக்குச் சற்றுக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. விழுங்கும்போது அது மேலேறியதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது. தைராய்டே குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் அதில் தோன்றும் வீக்கங்களும் அப்படித்தான் அசையும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார் மூத்த மருத்துவர். கட்டி உடனே மேலே இழுபட்டது, நாக்கின் அடியோடு இன்னும் தொடர்பு இருந்ததால்.

நீர்க்கட்டி என்று தெளிவான பின்னரும் அவர் கத்தியை எடுக்கவில்லை. சுரப்பி தன் இடத்தில் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு மூலம் உறுதி செய்யச் சொன்னார். சிலருக்கு இறங்கும் வழியிலேயே சுரப்பி தங்கிவிடுவதுண்டு. அப்போது கட்டியாகத் தெரிவதே உடலிலுள்ள ஒரே தைராய்டாகவும் இருக்கலாம், அதை அகற்றினால் வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான். அந்தச் சிறுவனுக்குச் சுரப்பி இயல்பான இடத்திலேயே இருந்தது. 1920இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறைப்படி, கட்டியோடு ஹையாய்டின் நடுப்பகுதியையும் நாக்கின் அடிவரையிலான தடத்தையும் சேர்த்தே அகற்றினார்கள். கட்டியை மட்டும் எடுத்தால், எலும்பை ஒட்டி எஞ்சும் தடத்திலிருந்து அது மீண்டும் தோன்றும் வாய்ப்பு அதிகம். ஆகவே குழந்தைக்கு இத்தகைய அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், தைராய்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தாகிவிட்டதா, எலும்பின் நடுப்பகுதியும் எடுக்கப்படுமா என்ற இரண்டையும் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்.