மூன்று சராசரிகளும் சமமானால் பரவல் சமச்சீரானதா?

கேள்வி:
வணக்கம். சமச்சீர் பரவலில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்று பாடத்தில் படித்தேன். பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்ட 1, 4, 5, 5, 10 என்ற எண்களுக்கு மூன்றுமே 5 என்று வருகின்றன. ஆனால், புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால் 10 மட்டும் வலப்புறம் வெகுதூரம் விலகி நிற்கிறது. இதைச் சமச்சீர் பரவல் என்று கொள்ளலாமா?

முதல் பதில்:
கொள்ள இயலாது. மையத்திலிருந்து இடப்புறம் எந்தத் தொலைவில் எத்தனை மதிப்புகள் உள்ளனவோ, வலப்புறமும் அதே தொலைவில் அத்தனை மதிப்புகள் இருந்தால்தான் பரவல் சமச்சீரானது. உங்கள் எண்களின் விலக்கங்கள் −4, −1, 0, 0, 5. இவற்றின் கூட்டுத்தொகை சுழியம் என்பதால் சராசரி 5 ஆகிறதே தவிர, −4-க்கு இணையாக 4-ஓ, −1-க்கு இணையாக 1-ஓ எதிர்ப்புறத்தில் இல்லை. இரண்டு பகடைகளை உருட்டிக் கிடைக்கும் கூடுதலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மையம் 7, மொத்தமுள்ள 36 வாய்ப்புகளில் 6-உம் 8-உம் ஐந்து ஐந்து வழிகளிலும், 2-உம் 12-உம் ஒவ்வொரு வழியிலும் கிடைக்கின்றன. சமச்சீரிலிருந்து அளவுகளின் சமத்துவம் பின்தொடரும். சமத்துவத்திலிருந்து சமச்சீர் பின்தொடராது.

இரண்டாம் பதில்:
பாடத்தில் உள்ள கூற்றே சற்று அவசரமாக எழுதப்பட்டது என்பேன். முகடு ஒன்றே உள்ள பரவலுக்குத்தான் அது பொருந்தும். 1, 1, 5, 9, 9 என்பது முழுச் சமச்சீரானது. சராசரியும் இடைநிலை அளவும் 5, முகடுகளோ 1-உம் 9-உம். கௌஷி பரவல் இன்னும் விந்தையானது: அதன் வளைவரை மையத்தின் இருபுறமும் அச்சு அசலாக ஒத்திருந்தாலும், அதற்குச் சராசரி என்பதே வரையறுக்கப்படுவதில்லை.

கேட்டவர்:
நன்றி, இப்போது தெளிவாகிறது. அப்படியானால் கோட்டக் கெழு (பரவல் ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதை அளக்கும் எண்) சுழியமாக இருந்தால் சமச்சீர் என்று உறுதியாகச் சொல்லலாம் அல்லவா?

முதல் பதிலளித்தவர்:
அதையும் சொல்ல முடியாது. −4, −4, 1, 1, 1, 5 என்ற ஆறு எண்களின் சராசரி 0. அவற்றின் முப்படிகளைக் கூட்டினால் −128 + 3 + 125, அதாவது மீண்டும் 0. எனவே முப்படிகளைக் கொண்டு கணக்கிடும் கோட்டக் கெழுவும் சுழியமே. ஆனால் இடைநிலை அளவு 1. சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டை மும்மடங்காக்கித் திட்ட விலக்கத்தால் வகுக்கும் பியர்சன் கெழுவோ, இதே எண்களுக்குச் சுமார் −0.95 என்று வருகிறது. ஆகவே கோட்டக் கெழு சுழியமல்ல என்றால் சமச்சீர் இல்லை என்று துணிந்து சொல்லலாம். சுழியமாக இருந்தால், விலக்கங்களை இருபுறமும் இணை சேர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.