ஹேவ்லாக் கடற்கரையில் முதல் கல்யாணம்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

நெல்லை ஸ்டுடியோ:

பதினொரு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன், எல்லாமே மண்டபத்துக்குள். வரும் மாசியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் தீவு) அழைத்திருக்கிறார்கள். தீவின் கிழக்குப் பக்கம், விஜயநகர் கடற்கரையை ஒட்டிய விடுதி. மணலில் பந்தல், முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது. மாலை ஆறு மணிக்கு ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனத்தோடு ஜோடிப் படங்கள். பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தாலி கட்டும் படத்தில் கடல் தெரிய வேண்டும்." இரண்டு கேமரா, 24-70, 70-200 லென்ஸ்கள், மூன்று ஃப்ளாஷ், அவற்றின் ஒளியைப் பரப்ப இரண்டு குடை இருக்கின்றன. டிரோன் கொண்டுபோகலாமா? வேறு என்ன வாங்க வேண்டும்?

உப்புக்காற்று:

தம்பி, வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த மாலை ஆறு மணியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

அந்தமானில் ஓடுவது நம் கடிகாரம். சூரியன் நம்முடையது இல்லை. திருநெல்வேலிக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 பாகை தள்ளியிருக்கிறது அந்தத் தீவு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு மணி நேரம் வரும். பிப்ரவரி நடுவில் அங்கே ஐந்தரைக்கு முன்பே சூரியன் கடலில் இறங்கிவிடும். என் முதல் தீவுக் கல்யாணம் டிசம்பரில். ஏற்பாட்டாளர் சென்னையில் உட்கார்ந்து தயாரித்த நிகழ்ச்சி நிரலில் "5.30, அஸ்தமனம், மோதிரம் மாற்றுதல்" என்று இருந்தது. நானும் தலையாட்டினேன். மணப்பெண் ஒப்பனை முடிந்து மணலில் கால் வைத்தபோது கடலும் வானமும் ஒரே கருநீலம். மூன்று ஃப்ளாஷைப் போட்டு எடுத்த அந்தப் படங்களை அண்ணாநகர் மொட்டை மாடியில் எடுத்தேன் என்றாலும் நம்புவார்கள். நீங்கள் நான்கு மணிக்கே ராதாநகரில் நில்லுங்கள்.

இனி அப்பா கேட்ட கடல். மணமக்களைக் கிழக்கு முகமாகத்தானே உட்கார வைப்பார்கள்? விஜயநகரில் கடலும் கிழக்கேதான். ஆக, அவர்கள் கடலைப் பார்த்து உட்காருவார்கள். எதிரே நிற்கும் உங்கள் முதுகுக்குப் பின்னால் கடல் இருக்கும். உங்கள் படத்தில் வரப்போவது விடுதியின் சுவரும், சாப்பாட்டுக்கு அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும். இலட்சக்கணக்கில் செலவழித்துக் கடலைத் தேடிப் போனவரிடம் இதை ஆல்பத்தோடு சேர்த்துச் சொல்ல முடியாது. இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழி இருக்கிறது. முன்பக்கத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் பின்னால் போய்விடுங்கள். நாத்தனார் குனிந்து மூன்றாம் முடிச்சுப் போடும் கை, பெண்ணின் பின்னல், அதில் பாதி நழுவிய மல்லிகைச் சரம், அதற்கு அப்பால் கடல். எனக்கு இதுவரை அமைந்த ஆகச் சிறந்த தாலிப் படம் இதுதான், ஒரு முகம்கூட முழுதாகத் தெரியாது. ஒளி எதிரே இருப்பதால் கேமராவின் ஒளி அளவைக் கடலுக்கு வைத்து, கைகளுக்கு ஃப்ளாஷ் கொடுங்கள். ஷட்டர் 1/250-க்கு மேல் போனால் ஹை ஸ்பீட் சிங்க்கில்தான் (ஃப்ளாஷ் அதிவேகமாக விட்டுவிட்டு மின்னும் முறை) எடுக்க வேண்டும். அப்போது ஃப்ளாஷின் பலம் வெகுவாகக் குறையும். அதனால் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பந்தலின் பின்துணியைக் கட்டவே விடாதீர்கள். அலங்காரக்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

இன்னொன்று, ஓமப் புகை. மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமாக வரும். ஓமகுண்டம் மணமக்களுக்கு எதிரே, அதாவது காற்று வரும் பக்கத்தில். புகை முழுவதும் அவர்கள் முகத்தில்தான். ஈரச் சுள்ளி வேண்டாம், நன்றாகக் காய்ந்த சமித்தாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். குடைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். என்னுடைய ஒன்று கடலோடு போயிற்று.

பழைய பிலிம்காரன்:

மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் திசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவைப் பற்றி இரண்டு வார்த்தை. இரவு ஏசி அறையில் வைத்த லென்ஸைக் காலையில் அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடி பால்போல வெளுத்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். தாலி கட்டும் நேரம் அதற்காகக் காத்திருக்காது. பையை மூடியபடியே ஒரு மணி நேரம் முன்னதாக வராந்தாவில் வைத்துவிடுங்கள். மணலில் லென்ஸ் மாற்றவே கூடாது. அதற்குத்தான் இரண்டு கேமரா. இரவில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். விளக்குத் தாங்கிகளுக்குக் காலிப் பைகள் போதும், மணலுக்கா அங்கே பஞ்சம்?

போர்ட் பிளேர்வாசி:

நிர்வாகத்தின் அனுமதி கையில் இல்லாமல் டிரோனைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள். இது கடற்படையும் விமானப்படையும் தளம் வைத்திருக்கும் இடம். பாட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அன்றைக்குக் கப்பல் ஓடாது. இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுங்கள்.

விஜயநகரில் நீரிறக்கத்தின்போது கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், கல்லும் செத்த பவளமும்தான் தெரியும். ஓத நேரம் (கடல் ஏறி இறங்கும் நேரம்) நாளுக்கு முக்கால் மணியளவு தள்ளிப்போகும் என்பதால், முதல் நாள் கடலைப் பார்த்து அப்படியே நம்பிவிட வேண்டாம். முகூர்த்த நாளுக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள்.

நெல்லை ஸ்டுடியோ:

எல்லோருக்கும் நன்றி. பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மேற்குப் பக்கம் பார்த்து உட்கார வைத்தால் என்ன?" என்றார். ஐயரைக் கேட்டோம், அதில் பேச்சே இல்லை என்றுவிட்டார். ஆனால் அம்மி மிதிப்பதைப் பந்தலுக்கு வெளியே, தண்ணீரோரம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அது போதும் எனக்கு.

போர்ட் பிளேர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊரில் அம்மிக்கல் வாடகைக்குக் கிடைக்குமா? விமானத்தில் எடை போட்டால் என் பெட்டியைவிட அதற்குத்தான் அதிகம் கட்ட வேண்டியிருக்கும்.