ஹாம்பர்க்கிலிருந்து கார் எடுத்து 16 நாளில் எட்டு நாடு: முடியுமா?

வாசல்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஹாம்பர்க்கில் இருக்கிறோம். ஜூலை நடுவில் பள்ளி விடுமுறையில் 16 நாள் கிடைக்கிறது, சொந்தக் காரிலேயே (பெட்ரோல், ஏழு சீட்டு) வடக்கே ஒரு பெரிய சுற்று போய்வரலாம் என்று ஆசை. நான், கணவர், 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் ரூட்: ஹாம்பர்க், கோபன்ஹேகன், கோத்தன்பர்க், ஓஸ்லோ, பெர்கன், திரும்ப ஓஸ்லோ, ஸ்டாக்ஹோம், அங்கிருந்து கப்பலில் ஹெல்சிங்கி, பிறகு டாலின், ரீகா, வில்னியஸ், போலந்து வழியாக வீடு. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, போலந்து என்று மொத்தம் எட்டு நாடு. தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் 4,000 கி.மீ.க்கு மேல் வருகிறது, ஆனால் 16 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு 270 கி.மீ. அளவுதான், அது பெரிய தூரமாகத் தெரியவில்லை. அம்மா இதற்கு முன் ஊரைத் தாண்டி நீண்ட பயணம் வந்ததில்லை, அடுத்த வருடம் அவரால் முடியுமா தெரியாது, அதனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கே தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன்?

---

வடக்குவாசி எழுதியது:

ஓஸ்லோவில் 14 வருடமாக இருக்கிறேன், ஒவ்வொரு கோடையிலும் மேற்குக் கரைக்குப் போய்வருகிறவன். உங்கள் கணக்கில் தப்பு அந்த 270 கி.மீ.யில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 270 கி.மீ. என்றால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே முடிகிற வேலை. மேற்கு நார்வேயில் அது ஒரு முழுப் பகல். நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும் பல இடங்களில் வேக வரம்பு 80, ஊருக்குள் 50, வளைவுகளில் 40க்கு மேல் போக மனம் வராது, முன்னால் ஒரு கேரவன் போனால் 20 கி.மீ.க்கு அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஓஸ்லோவிலிருந்து பெர்கன் ஏறக்குறைய 470 கி.மீ., நிறுத்தாமல் ஓட்டினால் 7 மணி நேரம், குழந்தைகளோடும் அம்மாவோடும் 10 மணி நேரம். அதே வழியில் திரும்பி வரப்போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் போச்சு. ஜிபிஎஸ் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் நான் எப்போதும் போடும் கணக்கு.

எட்டு நாட்டில் ஐந்தை இப்போதே அடித்துவிடுங்கள். டென்மார்க், ஸ்வீடனின் மேற்குக் கரை, தெற்கு நார்வே, இந்த மூன்றும் ஒரு அழகான வட்டமாக அமையும், திரும்பிவர வேண்டிய ரோடே கிடையாது. எப்படியென்றால், பெர்கனிலிருந்து ஓஸ்லோவுக்குத் திரும்பாதீர்கள். ஈ39 சாலையில் தெற்கே ஸ்டாவாங்கர் இறங்கி, அங்கிருந்து கிறிஸ்தியான்சன் போய், கார் ஏற்றும் ஃபெர்ரியில் டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸுக்கு வந்துவிடலாம், மூன்றரை மணி நேரத்துக்குள் கரை சேர்ந்துவிடும். ஹிர்ட்ஷால்ஸிலிருந்து ஹாம்பர்க் 500 கி.மீ. அளவு, நல்ல சாலை, நடுவில் பில்லுண்டில் இறங்கினால் லெகோலாண்ட் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒருநாள் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் கடைசி வாரம் முழுக்க உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

பெர்கனிலிருந்து ஸ்டாவாங்கர் 210 கி.மீ. என்று காட்டும், அதற்கும் ஐந்து மணி நேரம் ஆகும், ஏனென்றால் நடுவில் இரண்டு ஃபெர்ரி. இதைக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஓட்டுகிறவருக்கு ஓய்வு, சுத்தமான கழிவறை, சூடாக ‘ஸ்வேலே’ என்ற தடித்த பான்கேக் விற்பார்கள், அதை வாங்கிக்கொண்டு மேல்தளத்தில் நின்றால் அதுவே ஒரு சுற்றுலா.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரூட்டைப் பற்றி மேலே நண்பர் சொல்லிவிட்டார், நான் செலவையும் சட்டத்தையும் சொல்கிறேன்.

முதல் நாளிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கோபன்ஹேகனுக்குப் புட்கார்டனிலிருந்து ரோட்பிக்கு ஃபெர்ரி (45 நிமிடம்) எடுக்கலாம், அல்லது ஃப்ளென்ஸ்பர்க் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஸ்டோர்பெல்ட் பாலம் வழியாகப் போகலாம். பாலத்து வழி சுமார் 150 கி.மீ. அதிகம், அதற்கும் டோல் உண்டு. குழந்தைகள் இருப்பதால் ஃபெர்ரிதான் என் ஓட்டு. அடுத்தது கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைக்கும் ஓரசன்ட் பாலம், 2000ஆம் ஆண்டு திறந்தது. டென்மார்க் பக்கம் 4 கி.மீ. கடலடிச் சுரங்கத்தில் இறங்கி, ஒரு செயற்கைத் தீவில் வெளியே வந்து, பிறகு 8 கி.மீ. அளவுக்குப் பாலம். டோல் ஸ்வீடன் பக்கம் கட்ட வேண்டும். பையனை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, ஹெல்சிங்கோரிலிருந்து ஹெல்சிங்போரிக்கு 20 நிமிட ஃபெர்ரி, க்ரோன்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போக வசதி.

நார்வேயில் டோல் வாசலில் காசு வாங்க யாரும் நிற்கமாட்டார்கள், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், பில் பிறகு வரும். கிளம்பும் முன்பே இணையத்தில் காரைப் பதிவு செய்து வையுங்கள், வீட்டுக்கு வரும் பில்லில் குழப்பம் இருக்காது. ஈ39 ஃபெர்ரிகளிலும் இதே மாதிரிதான். கோத்தன்பர்க்கில் நகர நெரிசல் வரி உண்டு, ஆனால் ஜூலை மாதம் வசூலிப்பதில்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம்.

மூன்று நாட்டுக்கும் தனித்தனி நாணயம், பெயர் மட்டும் எல்லாம் குரோன், யூரோ கிடையாது. பணத்தாள் மாற்றிக்கொண்டு போகாதீர்கள், பார்க்கிங்கிலிருந்து பொதுக் கழிவறை வரை கார்டுதான், இரண்டு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் மோட்டார்வேயில் 130 வரை போகலாம், ஸ்வீடனில் 110 அல்லது 120, நார்வேயில் அதிகபட்சமே 110, அதுவும் கொஞ்ச தூரம்தான். நார்வே அபராதம் ஜெர்மனியைவிடப் பல மடங்கு. சில இடங்களில் இரண்டு கேமராவுக்கு நடுவே சராசரி வேகம் பார்க்கிறார்கள், கேமரா முன்னால் மட்டும் மெதுவாகப் போனால் தப்பிக்க முடியாது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.02 சதவீதத்தில் குற்றம் தொடங்குகிறது, ஜெர்மனியில் 0.05. சாப்பாட்டோடு ஒரு பீர் என்பதுகூட ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

---

தீவுத்தோணி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, செலவும் பார்க்க வேண்டும் என்றால் நார்வேயை விட்டுவிட்டுப் பால்டிக் பக்கம் போவதையும் யோசியுங்கள். அதுவும் வட்டம்தான், ஹாம்பர்க்கில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதியான வட்டம். டிராவெமுண்டேயில் காரோடு கப்பல் ஏறினால் 30 மணி நேரத்தில் ஹெல்சிங்கி. பிறகு 2 மணி நேரக் கப்பலில் டாலின், அங்கிருந்து 310 கி.மீ. ரீகா, அப்புறம் லிதுவேனியாவின் கிளைபேடா. கிளைபேடாவிலிருந்து கீலுக்குக் கப்பல் இருக்கிறது, ஓர் இரவும் பெரும்பாலும் ஒரு பகலும் ஆகும், கீலில் இறங்கினால் வீடு 100 கி.மீ. போலந்து வழியாக நாள் முழுக்க ஓட்டவே வேண்டாம். மூன்று பால்டிக் நாட்டிலும் பின்லாந்திலும் யூரோதான், ஆனால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும், கப்பல் நேரத்தில் இதை மறந்தால் வம்பு.

கிளைபேடாவுக்கு எதிரே கூர்ஷ் மணல்திட்டு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே பைன் மரங்கள், அங்கே நீடா என்ற சின்ன ஊர். எங்கள் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. ஒரு குறை மட்டும், டாலின் பழைய நகரம் முழுக்கக் கூழாங்கல் பாவிய தெரு, மேல் நகரத்துக்கு ஏற்றம். அம்மாவுக்கு அங்கே அரை நாள் போதும்.

இரண்டு வட்டத்தையும் சேர்க்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். நாங்கள் 2018இல் அதைத்தான் செய்தோம், எனக்கு இன்றும் வருத்தம். 15 நாளில் 12 இடத்தில் படுத்தோம், என் அப்பா கடைசி வாரம் காரை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார், ரீகாவில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் அவருக்கு ஹோட்டல் லிஃப்ட்தான் ஞாபகம் இருக்கிறது.

---

வாசல்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தீவுத்தோணி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “எனக்கு மலையும் தண்ணியும் பார்த்தா போதும், எத்தனை நாடுன்னு யார் எண்ணப் போறா” என்றார். அதனால் நார்வே வட்டம் என்று முடிவு. இரண்டு கேள்வி பாக்கி. அம்மாவுக்கு நீளமான சுரங்கப்பாதை என்றால் மூச்சு முட்டுகிற மாதிரி பயம், ஓஸ்லோவிலிருந்து போகிற வழியில் 24 கி.மீ. சுரங்கம் இருக்கிறது என்று படித்தேன். அப்புறம், ஹோட்டல் விலை தாங்கவில்லை, கேம்பிங் இடங்களில் மரக்குடில் எடுக்கலாம் என்கிறார்கள், அம்மாவுக்குச் சரிப்படுமா?

---

மலைச்சாரல் எழுதியது:

மாமியாரை (அவருக்கு 71) அழைத்துக்கொண்டு இதே பாதையில் ஜூலையில் போனோம், அதனால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் படித்தது லார்டால் சுரங்கம், 24.5 கி.மீ., உலகத்தின் மிக நீளமான சாலைச் சுரங்கம். 6 கி.மீ.க்கு ஒரு தடவை குகை மாதிரி அகலமாக்கி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஓட்டுபவருக்கு அலுப்புத் தட்டாமலிருக்க. ஆனால் பயம் இருப்பவரை அதில் கூட்டிப்போக வேண்டியதே இல்லை. லார்டாலிலிருந்து ஆவுர்லாந்துக்கு மலைமேலே ஒரு பழைய பாதை இருக்கிறது, கோடையில் மட்டும் திறப்பார்கள், ஜூலையிலும் ஓரத்தில் பனி கிடக்கும். மாமியார் காரை நிறுத்தச் சொல்லி, பனியைக் கையில் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் பாதை ஆவுர்லாந்தில் இறங்கும்போது ஸ்டேகஸ்டைன் காட்சித்தளம் வரும், ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு வரும் கடல்) 650 மீட்டர் மேலே, காரை நிறுத்தும் இடத்திலிருந்து சில அடிதான், படி ஏற வேண்டாம். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடாகிவிடும். பல இடத்தில் ஒரு வண்டி போகிற அகலம்தான், ‘எம்’ என்று எழுதிய நீலப் பலகை இருக்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆவுர்லாந்திலிருந்து பெர்கன் போகும்போதும் சுரங்கங்கள் வரும், ஒன்று 11 கி.மீ.க்கும் மேல். அதைத் தவிர்க்க, ஃப்ளாமிலிருந்து குட்வாங்கன் வரை அம்மாவைப் படகில் அனுப்புங்கள், யாராவது ஒருவர் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேரலாம். நாரோய் ஃபியோர்டுக்குள் போகும் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் பயணத்திலேயே உச்சம். மோட்டார் சத்தம் இல்லாத மின்சாரப் படகு, இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக மலை, அருவி விழும் சத்தம் மட்டும் கேட்கும். ஃப்ளாம் ரயிலும் அம்மாவுக்கு ஏற்றதுதான், ஆனால் அதிலும் சுரங்கம் நிறைய, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மரக்குடில் நல்ல யோசனை. ஆனால் மலிவான குடிலில் கழிவறை உள்ளே இருக்காது. நாங்கள் ஓர் இடத்தில் இதைக் கேட்காமல் பதிவு செய்துவிட்டு, மழையில் இரவு இரண்டு மணிக்கு மாமியாரைக் குடைபிடித்து ஈரப் புல்லில் நடத்திக் கூட்டிப்போனேன், இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. உள்ளேயே கழிவறை, கீழ்க்கட்டில் எத்தனை, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். போர்வை விரிப்பு பெரும்பாலும் தரமாட்டார்கள், வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், கண்ணை மறைக்கும் துணி எல்லோருக்கும் ஒன்று வேண்டும்.

ஸ்டாவாங்கரில் எல்லோரும் ப்ரைகெஸ்டோலன் பாறைக்கு ஏறச் சொல்வார்கள். 604 மீட்டர் உயரம், போகவர நான்கைந்து மணி நேரம், 5 வயதுக் குழந்தைக்கும் அம்மாவுக்கும் வேண்டாம். லீசெ ஃபியோர்ட் படகில் போனால் அதே பாறையைக் கீழேயிருந்து எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

---

வடக்குவாசி எழுதியது:

நல்ல முடிவு. நான் பிரிப்பது இப்படி: கோபன்ஹேகன் 2 இரவு (வழியில் ரோஸ்கில்டவில் வைக்கிங் கப்பல்கள், ஓஸ்லோவில் உள்ள அருங்காட்சியகம் புதுக் கட்டட வேலைக்காக மூடியிருப்பதால் பையனுக்கு இங்கேயே காட்டிவிடுங்கள்), கோத்தன்பர்க் 1, ஓஸ்லோ 2, ஆவுர்லாந்து பக்கம் 3, பெர்கன் 2, ஸ்டாவாங்கர் 2, கிறிஸ்தியான்சன் 1, ஸ்கேகன் 1, பில்லுண்ட் 1. மொத்தம் 15 இரவு. கோத்தன்பர்க்கிலிருந்து ஓஸ்லோ வரும்போது ஈ6 சாலை பக்கத்திலேயே ‘தானும்’ என்ற இடத்தில் பாறைச் செதுக்கல்கள் இருக்கின்றன, வெண்கலக் காலத்துக் கப்பல்களும் மனிதர்களும், மரப்பலகை போட்ட நடைபாதை, அம்மா நடக்கலாம். ஸ்கேகனில் இரண்டு கடல் மோதும் முனைக்கு மணலில் நடக்க வேண்டாம், டிராக்டர் இழுக்கும் வண்டி இருக்கிறது. ஆவுர்லாந்தின் மூன்று இரவில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே ஒருநாள் மழை பெய்தாலும் இன்னொரு நாள் மிச்சமிருக்கும்.

ஜூலையின் கடைசி மூன்று வாரம் நார்வேயே விடுமுறையில் இருக்கும், குடில்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிறிஸ்தியான்சன் ஃபெர்ரியை முதலில் பதிவு செய்யுங்கள், அந்தத் தேதி உறுதியானதும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே ஒவ்வோர் இரவையும் பிடித்து வைத்துவிடலாம்.