மகளை இரட்டையர் ஆட்டத்துக்கு மாற்றச் சொல்கிறார் பயிற்றுநர். சரியா?

செங்காங் அப்பா:
வணக்கம். மகளுக்கு 14 வயது, ஏழு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். போன சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமேல் இரட்டையருக்கே தயார் செய்வோம், சானியா மிர்சாவும் அப்படித்தானே மாறினார்" என்றார். அது மகள் காதில் விழுந்துவிட்டது. எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒற்றையருக்கு லாயக்கில்லை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரா?

ஈசூன் வாலி:
ஆமாம் என்றுதான் எனக்குப் படுகிறது. இரட்டையரில் பரிசுப் பணமும் குறைவு, அதையும் இரண்டு பேர் பங்கு போட வேண்டும்.

காலாங் அக்கா:
தம்பி, பயிற்றுநர் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். சானியா 2007இல் ஒற்றையரில் உலகத் தரவரிசை 27 வரை போனவர். அப்புறம் வலது மணிக்கட்டு கெட்டது. தலை வாரக்கூட முடியாமல் இருந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சையெல்லாம் தாண்டி, 2013இல்தான் ஒற்றையரை விட்டார். அப்போது வயது 26. உங்கள் மகளுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.

2014லும் 2015லும் மகளிர் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி நம் சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்தபோது போய் உட்கார்ந்தவள் நான். முதல் வருஷம் இறுதியாட்டத்தில் சானியாவும் காரா பிளாக்கும் சியே சூ-வெய், பெங் ஷுவாய் ஜோடியை 6-1, 6-0 என்று முடித்தார்கள். என் கோப்பி ஆறுவதற்குள் முதல் செட் போய்விட்டது! வேடிக்கை என்னவென்றால், 2015 தொடக்கத்தில் அதே சியேயுடன்தான் ஜோடி சேர்ந்தார். அது சரிப்படவில்லை. மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் ஜோடியாக வந்தார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று வரிசையாகப் பட்டம், ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் முதலிடம். வருஷக் கடைசியில் மறுபடி இங்கே வந்து இறுதியாட்டத்தில் 6-0, 6-3 என்று ஜெயித்தார்கள்.

அந்த ஆட்டத்தில் நான் பந்தை விட்டுவிட்டு ஹிங்கிஸின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சானியா வலது பக்கம் நின்று ஃபோர்ஹாண்டில் (உள்ளங்கை முன்னே வரும் அடி) குறுக்கே ஓங்கி அடிப்பார். எதிராளி தடுமாறி எடுக்கும் பந்து வலைக்கு மேலே எழும்புவதற்குள் ஹிங்கிஸ் இரண்டடி நகர்ந்து அங்கே நிற்பார். ஒருத்தி உழ, இன்னொருத்தி அறுத்தாள். அந்த ஃபோர்ஹாண்ட் ஒற்றையரில் வருஷக்கணக்காக அடித்து அடித்து வந்தது, அதை மறந்துவிடாதீர்கள். அதனால் 14 வயதில் ஒற்றையரை விடவே கூடாது என்பேன். இரட்டையரையும் கூடவே ஆடட்டும்.

வாலி தம்பிக்கு: பணம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரட்டையர் லேசு என்று நினைக்க வேண்டாம். மகளிர் சுற்றுப்போட்டிகளில் டியூஸ், அதாவது 40-40 ஆனால், அடுத்த புள்ளியிலேயே கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக் என்ற குட்டி ஆட்டம்தான். சுதாரிக்க நேரமே கிடையாது.

ஈசூன் வாலி:
சரி அக்கா. ஆனால் ஹிங்கிஸ் இல்லாவிட்டால் சானியாவுக்கு அவ்வளவு பேர் கிடைத்திருக்குமா?

காலாங் அக்கா:
2016 ஆகஸ்டில் இருவரும் பிரிந்தார்கள். அதே மாதம் சின்சினாட்டி இறுதியாட்டத்தில் சானியா, செக் வீராங்கனை ஸ்ட்ரைக்கோவாவைச் சேர்த்துக்கொண்டு ஹிங்கிஸ் ஜோடியையே தோற்கடித்தார். அதுவரை முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தவர், அப்புறம் தனியாக அதில் உட்கார்ந்தார். போதுமா?

செங்காங் அப்பா:
நன்றி அக்கா. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நான் எந்தப் பக்கம் நிற்கணும்பா?" என்று கேட்கிறாள். பேக்ஹாண்ட்தான் (புறங்கை முன்னே வரும் அடி) அவளுக்கு நன்றாக வரும்.

காலாங் அக்கா:
அப்படியென்றால் இடது பக்கம், ஹிங்கிஸ் நின்ற இடம். ஞாயிறு காலை எட்டு மணி ஆட்டத்துக்கு எங்களிடம் ஓர் ஆள் குறைகிறது, கூட்டி வாருங்கள். எங்களில் சின்னவளுக்கே 51 வயது. வேகமாக அடிக்க மாட்டோம், தலைக்கு மேலே தூக்கி லாப் போட்டே கொல்லுவோம்.